மிச்சத்து அக்கா கழுவிய வலென்சியா அரிசி

கடந்த மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வலென்சியாவிலிருந்து லண்டனுக்குப் போனேன். மூன்று இரவு, நான்கு பகல். என்னோடு என் வீட்டுக்குக் கீழே பார் நடத்தும் விசெந்தேயும், அறுபது சென்ரிமீற்றர் அகலமான ஓர் இரும்புத் தாச்சிச் சட்டியும், மூன்று கிலோ அரிசியும் வந்தன. ஸ்பெயின்காரர் ஒருவரை லண்டனுக்குக் கூட்டிப்போவதென்றால் இப்போது என்ன கடதாசி வேண்டும், சமையல் சாமான் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் அரிசி விஷயத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருபத்தாறு வருடம் இருந்தவன். ஏழு வருடத்துக்கு முன் மனைவியின் மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று டொக்டர் சொல்ல, வலென்சியாவின் கடற்கரைப் பக்கம் கபன்யால் என்ற பகுதியில் குடியேறினோம். வெயில் கிடைத்தது. கூடவே மூன்றாம் மாடியும், லிஃப்ட் இல்லாத ஐம்பத்திரண்டு படிகளும் கிடைத்தன. லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறேன்.

பார் என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஸ்பெயினில் பார் என்பது காலையில் கோப்பியும் பாண் ரொட்டியும், பதினொரு மணிக்கு இன்னொரு பாண், இரண்டரைக்குச் சாப்பாடு, பிறகு மாலைவரை ஊர் நியாயம் பேசுவது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வதும் அங்கேதான். பார்சல் கொண்டுவருகிறவருக்கு நான் வீட்டில் இல்லாவிட்டால் விசெந்தேயிடம் கொடுக்கத் தெரியும். வீட்டில் இருந்தாலும் அவரிடம்தான் கொடுப்பார், ஏனென்றால் ஐம்பத்திரண்டு படி.

இந்த ஊரின் இப்போதைய பெரிய வழக்கு உல்லாசப் பயணிகள். கடலுக்குப் பக்கத்து வீடுகளையெல்லாம் கம்பனிகள் வாங்கி நாள் வாடகைக்கு விடுகின்றன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. சனிக்கிழமைகளில் ஊர்வலம் போகிறார்கள், பலகணிகளில் பதாகை தொங்குகிறது. போன வருடம் எங்கள் வாசல் சுவரில் யாரோ சிவப்பு மையால் “உல்லாசப் பயணிகளே, வீட்டுக்குப் போங்கள்” என்று பெரிதாக எழுதிவிட்டார்கள். ஊர்வலத்தில் நானும் போனவன்தான், இருந்தாலும் காலையில் பாண் வாங்க இறங்கிய நான் கடைப் பக்கம் போகாமல் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். தொண்ணூறுகளில் லண்டன் சுவர்களில் இதே வாக்கியத்தை வேறு மையில் வாசித்த கண்கள் இவை. விசெந்தே என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய், சாப்பாட்டுப் பட்டியல் எழுதும் வெண்கட்டியை எடுத்துவந்து, அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழே “மூன்றாம் மாடி தவிர” என்று எழுதினார். மழை வந்து அழித்தால் திரும்ப எழுதுவார். வலென்சியாவில் மழை குறைவு என்பதால் இதுவரை இரண்டு தரம்தான் எழுத வேண்டியிருந்தது.

அந்த மனிதருக்குத்தான் இந்த வருடம் சோதனை வந்தது. முதலாம், இரண்டாம் மாடிகளை வாங்கிய கம்பனி அவருடைய பாரையும் கேட்டது. பயணப்பெட்டி வைக்கும் இடமாக்கப் போகிறார்களாம். விலை நல்ல விலை. அறுபத்திரண்டு வயது, முழங்கால் தேய்வு, மனைவி இறந்து ஐந்து வருடம். ஒரே மகள் அம்பாரோ ஒன்பது வருடமாக லண்டனில் தாதி. மகள் திரும்பி வந்து பாரை எடுப்பாள் என்றால் விற்பதில்லை, இல்லையென்றால் நாங்கள் திரும்பி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை கையெழுத்து. இதுதான் அவருடைய கணக்கு. மகளிடம் கேட்டீர்களா என்றேன். இல்லை என்றார். போனில் கேட்கிற விஷயமா இது என்று என்னையே திட்டினார்.

ஸ்பானியர் எதையும் சத்தமாகப் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் குடல் பரிசோதனை முடிவை நான் நாலு சுவருக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் முக்கியமான கதையைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடிந்து, கோப்பி வந்து, கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்ந்த பிறகுதான் அதற்கு நேரம். ஆகவே மகளிடம் கேட்பதற்கு முதலில் ஒரு சாப்பாடு வேண்டும். வலென்சியாவில் குடும்பச் சாப்பாடு என்றால் பயேயா. அகன்ற தாச்சியில், வெளியில், நெருப்பில், பெரும்பாலும் ஆம்பிளைகளே சமைக்கும் சோறு. அம்பாரோ இருப்பது க்ரொய்டனில் நாலு பேர் பகிரும் வீடு, தோட்டத்தில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. மிச்சத்தில் இருக்கும் என் அக்கா பவானியின் தோட்டத்திலோ, திருவிழாவுக்கு மோதகம் அவிக்கும் பெரிய காஸ் அடுப்பு சும்மா கிடக்கிறது. அக்காவிடம் கேட்டேன். “கூட்டிக்கொண்டு வா தம்பி, அதுக்கென்ன” என்றா.

முதலில் கடதாசி. ஸ்பானியர் இப்போது அடையாள அட்டையோடு இங்கிலாந்துக்குள் போக முடியாது. பாஸ்போர்ட் வேண்டும். அதோடு போனில் பயண அனுமதி ஒன்று எடுக்க வேண்டும், நாங்கள் கட்டியபோது பதினாறு பவுண். விசெந்தேயின் போனில் நான்தான் நிரப்பினேன். முகத்தைப் படம் பிடிக்கச் சொன்னது. ஆறு தரம் பிடித்தோம், ஆறு தரமும் அவர் யாருக்கோ பதில் சொல்லத் திரும்பிவிட்டார். குற்றம் செய்திருக்கிறீர்களா என்ற கேள்விக்குத் தொண்ணூற்றெட்டில் நடந்த கால்பந்துச் சண்டை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். இல்லை என்று அழுத்தினேன். என்னை லண்டனுக்குள் எடுக்கச் சொல்லி முப்பத்துமூன்று வருடத்துக்கு முன் எத்தனை கடதாசி நிரப்பினேன் என்று எனக்குத் தெரியும். இன்று ஓர் ஐரோப்பியரை லண்டனுக்குள் எடுக்கச் சொல்லி நான் நிரப்புகிறேன். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்தது. விசெந்தேக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனாலும் அவரும் சிரித்தார். இரண்டு மணித்தியாலத்தில் அனுமதி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்சி. கபன்யாலிலிருந்து விமான நிலையம் பதினான்கு கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம், இருபத்துநாலு யூரோ. மெட்ரோ இதைவிட நல்ல மலிவு, ஆனால் தாச்சியோடு மெட்ரோப் படி ஏற முடியாது. டாக்சிக்காரர் கம்பளியால் சுற்றிய தாச்சியைத் தட்டிப் பார்த்து, எங்கே என்றார். லண்டன் என்றோம்.

“லண்டனிலை ஆர் சமைக்கிறது?” என்றார். அவர் ஸ்பானிஷில் கேட்டதை என் வாய்க்கு வந்த தமிழில் தருகிறேன்.

“நான்தான்,” என்றார் விசெந்தே.

“வெங்காயம் போடுவியளோ?”

“காரை நிப்பாட்டு, இறங்கிறன்,” என்றார் விசெந்தே.

டாக்சிக்காரர் திருப்தியோடு ஓட்டினார். வலென்சியாவில் அரசியல் பேசலாம், மதம் பேசலாம். பயேயாவுக்குள் வெங்காயம் போடலாம் என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது.

விமானச் சீட்டு போய்வர ஆளுக்கு நூற்றுப் பதினெட்டு யூரோ, தாச்சிக்குத் தனியாக நாற்பத்தைந்து. ஐரோப்பாவிலிருந்து இறைச்சியும் பால் சாமான்களும் கொண்டுபோக இப்போது தடை, அதனால் கோழியும் முயலும் அங்கேயே வாங்குவதென்று முடிவு. அரிசி, குங்குமப்பூ, காய்ந்த வெள்ளை அவரை மூன்றும் பெட்டிக்குள். அரிசி சாதாரண அரிசி அல்ல. விசெந்தேயின் மச்சான் ஏரிக்கரை வயலில் விளைவித்தது, குட்டையான உருண்டை மணி. கைக்குழந்தையைப் போல இரண்டு துவாய்க்குள் சுற்றிக் கொண்டுவந்தார்.

பத்து நாற்பதுக்கு விமானம் புறப்பட்டு, இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தில் கற்விக் விமான நிலையத்தில் இறங்கியது. லண்டன் ஒரு மணித்தியாலம் பின்னால் என்பதால் அங்கே பன்னிரண்டு ஐந்து. கற்விக்கிலிருந்து ஈஸ்ட் க்ரொய்டனுக்கு ரயிலில் பதினாறு நிமிடம். அங்கிருந்து விம்பிள்டன் போகும் ட்ராமில் மிச்சம் நிறுத்தத்துக்கு இருபத்திரண்டு நிமிடம், ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். டாக்சி எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம், ட்ராமில் சாமான் வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது.

ட்ராமில் ஏறியதும் விசெந்தே பெட்டி முழுவதையும் பார்த்து “வணக்கம்” என்றார், ஸ்பானிஷில். அவர்கள் ஊரில் அப்படித்தான். டொக்டரின் அறை, வங்கி, லிஃப்ட், எங்கே நுழைந்தாலும் இருக்கிற எல்லோருக்கும் ஒரு வணக்கம், வெளியே போகும்போது இன்னொன்று. ட்ராமில் இருபது பேர் உடனே போனைப் பார்த்தார்கள். ஒரு வயதான கரீபியன் மனிதர் மட்டும் தொப்பியைத் தூக்கினார். விசெந்தே அவருக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, பாஷை இல்லாமலே மிச்சம்வரை கதைத்தார். இறங்கும்போது அவர்கள் கை குலுக்கினார்கள். இருபத்தாறு வருடம் இந்தப் பாதையில் போன நான் ஒருவரோடும் கை குலுக்கியதில்லை.

இரண்டு பத்துக்கு அக்கா வீடு. அக்கா பன்னிரண்டரைக்கே மேசையில் எல்லாம் வைத்துவிட்டு, சாப்பாடு ஆறுது என்று எனக்கு மூன்று தரம் போன் எடுத்திருந்தா. விசெந்தேக்கோ அது சரியான மதியச் சாப்பாட்டு நேரம், இவ்வளவு ஒழுங்கான வீட்டை அவர் கண்டதில்லையாம். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி. சோறும் ஏழு கறியும். இறைச்சி எப்போது வரும் என்று காதில் கேட்டார். வராது என்றேன். பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு, ஏழு சாமானைச் சோற்றோடு ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் கலப்பதற்கு வலென்சியாவில் பொலிஸ் வரும் என்றார். நான் அக்காவுக்கு அதை “நல்ல ருசியாம்” என்று மொழிபெயர்த்தேன். இரண்டாம் முறையும் சோறு போட்டு வாங்கியதால் அது பொய்யில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நானும் விசெந்தேயும் இறைச்சி வாங்க ரூட்டிங் சந்தைக்குப் போனோம். பஸ்ஸில் பதினைந்து நிமிடம். கோழி கிடைத்தது, முயல் நாலு கடை ஏறி இறங்கிக் கடைசிக் கடையில் கிடைத்தது. வெட்டிய துண்டு பெரிது என்று திருப்பிக் கொடுத்து, சின்னது என்று திருப்பிக் கொடுத்து, கடைசியில் கடைக்காரரின் கத்தியை வாங்கித் தானே வெட்டினார். பதினொன்று ஐம்பதுக்கு வீட்டுக்கு வந்தோம். அம்பாரோ இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

குசினிக்குள் அக்கா சிரித்த முகத்தோடு நின்றா. மேசையில் பெரிய அலுமினியப் பாத்திரம். அதற்குள் தண்ணீர். தண்ணீருக்குள் மூன்று கிலோ அரிசியும்.

“மூண்டு தண்ணியிலை கழுவி அரிச்சு ஊறவும் வைச்சிட்டன் தம்பி,” என்றா. “அந்த மனுசன் வந்தவுடனை அப்பிடியே போடலாம். ஒரு கல்லும் இல்லை, நல்ல அரிசி.”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பயேயா அரிசியைக் கழுவக் கூடாது. மணியின் மேலிருக்கும் மாவும், அது காய்ந்து கிடப்பதும்தான் இறைச்சிச் சாற்றைக் குடிக்க வைப்பது. கழுவி ஊற வைத்தால் குடிக்க வேண்டியதைத் தண்ணீராகக் குடித்துவிட்டு, நெருப்பில் குழைந்துபோகும். இது விசெந்தேக்கு மூன்று வயதிலேயே தெரியும். கழுவாமல் அரிசி போடக் கூடாது என்பது அக்காவுக்கும் மூன்று வயதிலேயே தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். முயல் கிடைக்குமா என்ற யோசனையில் மறந்துபோனேன்.

விசெந்தே பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். விரல் இடுக்கால் பால் போலத் தண்ணீர் வடிந்தது. தோட்டத்துக்கு இறங்கும் படியில் போய் இருந்துவிட்டார். ஏழு வருடத்தில் அந்த மனிதர் சத்தம் போடாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல்தரம். மனைவியின் செத்தவீட்டில்கூடச் சத்தமாகத்தான் அழுதவர்.

நான் அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது.

“கழுவாத அரிசியை ஆரும் மனுசர் சாப்பிடுவினமோ?” என்று முதலில் கோபித்தா. பிறகு குரல் இறங்கியது. “அந்தப் பிள்ளையிட்டை என்னவோ கேக்கவெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தவர். நான் கெடுத்துப்போட்டன் என்ன.”

ஸ்பானிஷ் அரிசி விற்கும் கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சனிக்கிழமை நெரிசலில் போய்வர மூன்று மணித்தியாலம். அம்பாரோவுக்கு ஞாயிறு காலை வேலை. நான் கைபேசியில் வரைபடத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

விசெந்தே தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், குசினிக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்ற பையைப் பார்த்தார். பத்துக் கிலோக் கீரிச்சம்பா அரிசி. குனிந்து ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது குட்டையான அரிசி, அவருடையதைவிடச் சின்னது, ஆனால் அதே உருட்டு. பல்லுக்குள் வைத்துக் கடித்தார். இன்னொன்று கடித்தார்.

“இது எந்த நாடு?”

“எங்கடை நாடு,” என்றேன்.

“ஒரு சின்னச் சட்டி தா. ஒரு கோப்பை வைச்சுப் பாப்பம்.”

அடுப்பில் ஒரு கோப்பை அரிசியைக் கோழிச் சாற்றோடு வைத்து, கையில் மணிக்கூட்டோடு நின்றார். எண்ணி இருபத்திரண்டு நிமிடம். கரண்டியால் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடினார். நானும் அக்காவும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றோம். கண்ணைத் திறந்து, “சாறு இன்னும் கால் பங்கு கூட வேணும்,” என்றார். அவ்வளவுதான். எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனால் அக்கா விடவில்லை. “ஒரே ஒரு தண்ணியிலை மட்டும் கழுவித் தரட்டோ எண்டு கேள்,” என்றா. கேட்டேன். விசெந்தே இரண்டு கையையும் கூப்பினார், அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அப்படியென்றால் பார்க்கவாவது விடச் சொல் என்று அக்கா சுளகை எடுத்துவந்து, அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கத் தொடங்கினா. விசெந்தே சற்று நேரம் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு எதிரில் இருந்து தானும் பொறுக்கினார். ஒரு கல்லும் இல்லை. பதினைந்து நிமிடம் இருவரும் தலையைக் குனிந்து இல்லாத கல்லைத் தேடினார்கள். அதற்குப் பிறகு அக்காவின் குரல் பழையபடி ஏறியது.

ஒன்றரைக்குத் தோட்டத்தில் அடுப்பு மூட்டினோம். ஒன்று ஐம்பதுக்குத் தூறல் தொடங்கியது. அக்காவின் கணவர், என் அத்தான், வீட்டிலிருந்த பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு தாச்சிக்குக் காவல் நின்றார், மழை முழுவதும் அவர் முதுகில் விழுந்தது. இரண்டு இருபதுக்கு அம்பாரோ வந்தாள். முப்பத்துநாலு வயது, தகப்பனின் மூக்கு, தகப்பனின் சத்தம். அக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அக்கா இரண்டாவதை எதிர்பார்க்கவில்லை, மூக்கோடு மூக்கு மோதிக்கொண்டது. பிறகு அவள் தகப்பனைப் பார்த்தாள், தாச்சியைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த இலங்கை அரிசிப் பையைப் பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்குச் சுகமில்லையோ?” என்று கேட்டாள்.

சாறு வற்றி வரும்போது அடியில் சடசடவென்று ஒரு சத்தம் வந்தது. கூடவே மணம். அக்கா துள்ளி எழும்பினா. “தம்பி, அடிப்பிடிக்குது, அடுப்பை நூரப் பண்ணச் சொல்லு.” விசெந்தே ஒரு விரலைக் காதுக்குப் பக்கத்தில் உயர்த்தி, கேளுங்கள் என்பது போலக் காட்டினார். வலென்சியாவில் அந்த அடிச்சோறுதான் தங்கம். அடி பிடிக்காத பயேயா தோற்றுப்போன பயேயா. அடிச்சோறு கருகாமல் இருக்கச் சண்டை பிடித்தே அறுபது வயதை எட்டிய அக்கா, இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது பிடிக்கட்டும் என்று விட்டா. அவ அன்றைக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

அவர்கள் வழக்கப்படி சாப்பாட்டுக் கோப்பை, தட்டு எதுவும் இல்லை. எல்லோரும் தாச்சியைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு கரண்டியால் தன் முன்னாலிருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். பக்கத்து ஆளின் பங்குக்குள் கரண்டி போகக் கூடாது. எச்சில் என்று அக்கா ஒரு கோப்பையில் தனியாகப் போட்டு வாங்கினா. யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ருசி எப்படி என்று கேட்பீர்கள். கீரிச்சம்பாவின் வாசம் குங்குமப்பூவோடு சேருமென்று நான் நினைத்ததில்லை. சேர்ந்தது. அம்பாரோ தன் பங்கில் பாதியை ஒரே மூச்சில் முடித்தாள். பிறகு, “இது பயேயா இல்லை, ஆனால் சாப்பிடாமல் விடவும் ஏலாது,” என்றாள். விசெந்தே அதை வாழ்நாள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பிறகு தேநீர் வந்தது. தூறலும் விட்டது. விசெந்தே கதிரையைப் பின்னால் தள்ளினார். அவருடைய பார் போனால் எனக்கும் அந்த ஊரில் நிற்க ஓர் இடம் போகும் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. கம்பனியின் விலையை அவர் மகளிடம் சொன்னார். நல்ல விலை என்றாள் அவள்.

“நீ வந்து நடத்துவாய் எண்டால் விக்க மாட்டன்,” என்றார்.

“நான் வர மாட்டன் அப்பா. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. வார்ட் முழுக்க என்ரை பொறுப்பு. நான் இஞ்சைதான்.”

“சரி. அப்ப செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைக்கிறன்.”

“வித்தால் நான் எங்கை வாறது?”

விசெந்தேக்கு விளங்கவில்லை. “நீதான் மூண்டு வருசமா வரேல்லையே.”

“வந்தால் கேப்பியள் எண்டு தெரியும். கேட்டால் உங்கடை முகத்தைப் பாத்து இல்லையெண்டு சொல்ல வேணும். அதுதான் வரேல்லை,” என்றாள் அம்பாரோ. “இப்ப கேட்டிட்டியள். நானும் சொல்லிட்டன். இனி வரலாம். ஓகஸ்ட்டிலை வாறன். ஆனால் அம்மா நிண்ட இடத்திலை ஆரோ பெட்டி அடுக்கிறதைப் பாக்க வர மாட்டன்.”

விசெந்தே கரண்டியை எடுத்து, தாச்சியின் அடியில் ஒட்டியிருந்த கடைசி அடிச்சோற்றைச் சுரண்டி, எல்லை தாண்டி மகளின் பக்கத்தில் வைத்தார். அவள் அதைச் சாப்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

என்ன கதைத்தார்கள் என்று அக்கா கேட்டா. சொன்னேன். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, “இதை ரெண்டு பேரும் போனிலை கதைச்சிருக்கலாமே,” என்றா.

ஞாயிற்றுக்கிழமை காலை, கழுவிய மூன்று கிலோவில் ஒரு பங்கை எடுத்து அக்கா தேங்காய்ப்பால் விட்டுச் சர்க்கரைப் புக்கை, அதாவது சர்க்கரைப் பொங்கல், காய்ச்சினா. மச்சானின் ஏரிக்கரை அரிசி அதற்கென்றே விளைந்தது போலக் குழைந்தது. விசெந்தே இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, இதை வலென்சியாவில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நல்லவேளை, இந்தக் கட்டுரையை அவரால் வாசிக்க முடியாது.

இனிப் போகப்போகிறவர்களுக்கு. அனுமதியை ஒரு கிழமைக்கு முன் எடுத்துவிடுங்கள், படம் பிடிக்கும்போது ஸ்பானியரின் வாயில் எதையாவது கொடுத்து வையுங்கள். பெரிய தாச்சியைக் கம்பளியால் சுற்றி, அதன் கைப்பிடிக் காதுகளுக்குத் தனியாகத் துணி கட்டுங்கள், எங்களுடையதில் ஒரு காது வளைந்துதான் வந்தது. அரிசியைத் துணிந்து கொண்டுபோகலாம், இறைச்சி வேண்டாம். திரும்பி வரும்போது வலென்சியாவில் பிரித்தானியப் பாஸ்போர்ட்காரருக்கு வரிசை நீளம். நான் முப்பத்தைந்து நிமிடம் நின்றேன், ஐரோப்பியர் வரிசையால் நாலு நிமிடத்தில் போன விசெந்தே மறுபக்கம் தாச்சியோடு நின்று எனக்குக் கை காட்டினார். தமிழ் வீட்டில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் அரிசியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போங்கள். பூட்ட மறந்தாலும் பயமில்லை, குசினிக் கதவுக்குப் பின்னால் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை கம்பனிக்காரர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடதாசியோடு வந்தார். விசெந்தே அவரை இருத்திக் கோப்பி போட்டுக் கொடுத்து, விற்கவில்லை என்றார். கோப்பிக்கு ஒரு யூரோ அறுபது வாங்கினார்.

இதை நான் ஓகஸ்ட்டில் எழுதுகிறேன். ஓகஸ்ட்டில் இந்த ஊரில் பாண் கடை, சலூன், தச்சர், பல் டொக்டர் எல்லாம் பூட்டு. பல் உடைந்தால் செப்டெம்பர்வரை உடைந்தபடிதான். மகள் வருகிறாள் என்பதற்காக விசெந்தே அந்த வழக்கத்தை மீறவில்லை, அதை மீறுகிற ஸ்பானியர் இன்னும் பிறக்கவில்லை. இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டிருக்கிறார். உள்ளே இருந்து அம்பாரோவின் சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்கிறது. கதவில் ஒவ்வொரு வருடமும் ஒட்டும் அதே அச்சடித்த அறிவித்தல்: ஓகஸ்ட் முழுவதும் விடுமுறை. அதற்குக் கீழே வெண்கட்டியால் எழுதியிருக்கிறது: மகளும் மூன்றாம் மாடியும் தவிர.

இன்றைக்குக் கீரிச்சம்பாவாம். நான் குனிந்து உள்ளே போகிறேன்.